க்யூட்டி எடிட்டரில் தமிழ்ப் பிழைதிருத்தி: ஹன்ஸ்பெல் இணைத்தும் சரியான சொற்களுக்கெல்லாம் சிவப்புக் கோடு

எழுத்துக்கோப்பன் (கேள்வி)

சி++, க்யூட்டி 6 (விண்டோ ஆப்கள் கட்ட உதவும் லைப்ரரி) இரண்டிலும் எழுதிய டெஸ்க்டாப் எடிட்டர். எழுதும் பகுதி க்யூப்ளெய்ன்டெக்ஸ்ட்எடிட். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரே கோட். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவார்கள் என்பதால் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி லைப்ரரியில் இரண்டு அகராதிகளை ஏற்றியிருக்கிறேன். க்யூசிண்டாக்ஸ்ஹைலைட்டரிலிருந்து ஒரு கிளாஸ் உருவாக்கி, ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது பத்திக்கும், அழைக்கப்படும் ஹைலைட்பிளாக்குக்குள் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் சொல் பிரித்து, ஹன்ஸ்பெல் தவறு என்று சொன்னால் அலைக்கோடு போடுகிறேன். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லின் எழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ, யூனிகோட் ப்ராப்பர்ட்டி ஆப்ஷனும் ஆன்.

ஆங்கிலத்தில் ஒரு சிக்கலும் இல்லை. தமிழில்தான் தகராறு.

"மரத்தை" என்று எழுதினால் சொல்லின் துண்டுகளுக்குத் தனித்தனியாகக் கோடு விழுகிறது. "மரம்" அகராதியில் இருக்கிறது, ஆனால் "மரங்களுக்கும்", "வீட்டைப்" எல்லாம் தவறு என்கிறது. பெரிய ஃபைலைத் திறந்தால் சில நொடிகள் விண்டோ உறைந்து நிற்கிறது. ரைட் கிளிக் செய்து பரிந்துரையைத் தேர்ந்தெடுத்தால் சில நேரம் பாதிச் சொல்தான் மாறுகிறது. விண்டோஸில் பயனர் ஃபோல்டரின் பெயர் தமிழில் இருந்தால் அகராதியே ஏறுவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை.

எதிலிருந்து தொடங்குவது?

---

நுண்நிரலி

அகராதி ஏறுவதை முதலில் உறுதி செய்யுங்கள். அது சரியாகாமல் மற்றதைச் சோதிக்கவே முடியாது.

ஹன்ஸ்பெல் பொருளை உருவாக்கும்போது ஃபைல் இல்லாவிட்டாலும் எக்ஸெப்ஷன் வராது. அதனால் ஏற்றுவதற்கு முன் அஃப் (ஒட்டு விதிகள்), டிக் (சொற்பட்டியல்) இரண்டு ஃபைல்களும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். ஏற்றியவுடன் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு சொல்லை, "தமிழ்" என்றே வைத்துக்கொள்ளுங்கள், சோதியுங்கள். தவறு என்று வந்தால் அந்த மொழியின் சோதனையை அணைத்துவிட்டு ஸ்டேட்டஸ் பாரில் சொல்லுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாவதைவிட அது மேல்.

விண்டோஸில் ஹன்ஸ்பெல் சாதாரணமாக ஃபைலைத் திறப்பது அந்தக் கணினியின் உள்ளூர் என்கோடிங்கில். தமிழ்ப் பெயர் அங்கே சிதைந்துவிடும். பாதையை யூடிஎஃப்-8ஆக மாற்றி, முன்னால் \\?\ சேர்த்துக் கொடுத்தால் ஹன்ஸ்பெல் அகல எழுத்து வழியில் திறக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. இந்த முன்னொட்டு இருக்கும்போது விண்டோஸ் முன்சாய்கோட்டைப் பின்சாய்கோடாக மாற்றிக் கொடுக்காது. க்யூட்டி தரும் பாதைகளில் இருப்பதோ முன்சாய்கோடு. க்யூடிர் கிளாஸின் டுநேட்டிவ்செபரேட்டர்ஸ் வழியாக அனுப்பிவிட்டு, அதன் பிறகு முன்னொட்டைச் சேருங்கள். முழுப் பாதையாகவும் இருக்க வேண்டும், சார்புப் பாதை செல்லாது.

அகராதியை க்யூட்டி ரிசோர்ஸுக்குள் வைத்து முக்காற்புள்ளியில் தொடங்கும் பாதையைக் கொடுத்தால் எந்த இயங்குதளத்திலும் வேலை செய்யாது. ஹன்ஸ்பெல்லுக்கு வட்டில் உண்மையான ஃபைல் வேண்டும்.

அஃப் ஃபைலின் தலையில் "செட் யூடிஎஃப்-8" வரி இருக்கிறதா? இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 8859-1 என்று எடுத்துக்கொள்ளும், தமிழ் அங்கேயே முடிந்தது. டிக் ஃபைலின் முதல் வரி சொற்களின் எண்ணிக்கை. தோராயமாக இருந்தால் போதும், ஆனால் எண்ணாக இருக்க வேண்டும்.

இனி சொல் பிரிப்பு. உங்கள் துண்டுச் சிக்கலுக்குக் காரணம் அந்த டபிள்யூ குறி. யூனிகோட் ஆப்ஷன் இல்லாமல் அது ஆஸ்கி எழுத்துகளை மட்டும் பிடிக்கும். ஆப்ஷன் இருந்தாலும் தமிழின் துணைக்குறிகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் கொம்பும் காலும் புள்ளியும் "எழுத்து" வகை அல்ல, "குறி" வகை. "மரத்தை" அதன் கண்ணுக்கு "மரத", "த". எழுத்து வகை (எல்), குறி வகை (எம்) இரண்டையும் வெளிப்படையாகச் சேர்த்த தொகுதியை எழுதுங்கள். சொல்லெல்லை காட்டும் பின்சாய்கோடு-பி குறியும் இதே காரணத்தால் ஏமாற்றும், அதையும் எடுத்துவிடுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனே வேண்டாம் என்றால் க்யூடெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டரை வேர்ட் முறையில் ஓட்டலாம், அது குறிகளைத் தாய் எழுத்தோடு சேர்த்தே வைக்கும்.

பாதிச் சொல் மாறுவதும் இதன் நிழல்தான். கோடு போட ஒரு முறையில் சொல் பிரிக்கிறீர்கள், ரைட் கிளிக்கில் கர்சரின் வேர்ட்அண்டர்கர்சர் வேறு முறையில் பிரிக்கிறது. பிளாக்கின் உரையையும் நிலையையும் கொடுத்தால் சொல்லின் தொடக்கமும் நீளமும் தரும் ஒரே ஃபங்ஷன் எழுதி இரண்டு இடத்திலும் அதையே அழையுங்கள்.

பிரித்த சொல்லை அப்படியே ஹன்ஸ்பெல்லுக்குக் கொடுக்காதீர்கள். முதலில் திரையில் தெரியாத இணைப்புக் குறிகளை, அதாவது ஜீரோ வித் ஜாய்னர், நான்-ஜாய்னர் இரண்டையும், நீக்குங்கள். சில விசைப்பலகைகளும் வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும் உரையும் இவற்றை உள்ளே விட்டுவிடும். அடுத்து நார்மலைசேஷன் சி வடிவம். "கொ"வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டில் வேறு. அகராதி ஃபைலையும் அதே வடிவத்துக்கு ஒருமுறை மாற்றி வையுங்கள். "ஸ்ரீ"க்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் உள்ளன, ஒன்று ஸகரத்தில் தொடங்குவது, மற்றது ஶகரத்தில். நார்மலைசேஷன் இதைத் தொடாது, நீங்கள்தான் ஒன்றாக்க வேண்டும். அலைக்கோட்டின் இடத்தையும் நீளத்தையும் மட்டும் மூல உரையிலிருந்தே எடுங்கள், சுத்தம் செய்த சொல்லின் நீளம் வேறாக இருக்கலாம்.

மொழியைத் தீர்மானிக்க முதல் எழுத்தின் ஸ்கிரிப்ட் போதும். தமிழ் என்றால் ஒரு ஹன்ஸ்பெல், லத்தீன் என்றால் மற்றது, எண் கலந்த சொல்லை விட்டுவிடலாம். ஆங்கிலச் சொல்லுக்குப் பின் சிறுகோடு போட்டு "ஐ", "இல்", "க்கு" என்று ஒட்டி எழுதுவார்கள். அந்த உருபுகளுக்கு ஒரு சிறு பட்டியல் வைத்து, லத்தீன் சொல்லும் சிறுகோடும் முன்னால் இருந்தால் சோதிக்காமல் கடந்து போங்கள்.

---

அலைக்கோடு

உறைவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹைலைட்டர் ஃபைலைத் திறந்ததும் எல்லா பிளாக்குகளையும் மெயின் த்ரெட்டிலேயே ஓட்டும். சொல் சரியா என்று பார்க்கும் ஸ்பெல் ஃபங்ஷன் வேகமானதுதான், ஆனால் அஃப் ஃபைலில் விதிகள் கூடக்கூட ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை கூடும். பரிந்துரை தரும் சஜெஸ்ட் மிகவும் மெதுவானது. அதை ஹைலைட்பிளாக்குக்குள் அழைத்திருந்தால் முதலில் அகற்றுங்கள். ரைட் கிளிக்கில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அழைக்க வேண்டிய ஃபங்ஷன் அது.

சரியான அமைப்பு இது: ஹைலைட்பிளாக் ஹன்ஸ்பெல்லைத் தொடவே கூடாது. சொல்லிலிருந்து சரி/தவறுக்குப் போகும் ஒரு ஹாஷில் மட்டும் பார்க்கட்டும். ஹாஷில் இல்லாத சொல் என்றால் கோடு போடாமல் வரிசையில் சேர்க்கட்டும். ஒரு வொர்க்கர் த்ரெட் அந்த வரிசையைச் சோதித்து விடைகளைச் சிக்னலில் அனுப்பட்டும். விடை வந்ததும் திரையில் தெரியும் பிளாக்குகளுக்கு மட்டும் ரீஹைலைட்பிளாக், மற்றவற்றுக்கு ஸ்க்ரோல் செய்யும்போது. ஃபர்ஸ்ட்விசிபிள்பிளாக் ப்ரொடெக்டட் ஃபங்ஷன் என்பதால் எடிட்டரை நீட்டித்த கிளாஸுக்குள்தான் கிடைக்கும். ஒரே சொல் ஒரு ஆவணத்தில் பலமுறை வரும், ஹாஷ் இருந்தால் ஒருமுறை சோதித்தால் போதும்.

ஒரே ஹன்ஸ்பெல் பொருளை இரண்டு த்ரெட்கள் தொடக் கூடாது. வொர்க்கர் சோதித்துக்கொண்டிருக்கும்போது மெனுவுக்காக மெயின் த்ரெட் சஜெஸ்ட்டை அழைத்தால் எப்போதாவது கிராஷ் ஆகும், டெவலப்பர் கணினியில் மட்டும் ஆகாது. சஜெஸ்ட்டையும் வொர்க்கரிடமே கேளுங்கள். மெனுவைத் திறந்துவிட்டுப் பரிந்துரைகளைப் பின்னால் சேர்க்கலாம்.

டெக்ஸ்ட்சேஞ்ச்ட் சிக்னலை ரீஹைலைட்டோடு இணைத்தால் முடிவில்லாச் சுழலில் மாட்டுவீர்கள், ஏனென்றால் வடிவ மாற்றமும் அந்தச் சிக்னலை எழுப்பும்.

எழுதிக்கொண்டிருக்கும் சொல்லின் முடிவில் கர்சர் நிற்கும்வரை கோடு போடாதீர்கள். "படி" என்று தொடங்கி "படித்தார்கள்" வரை போவதற்குள் சிவப்பு நாலுமுறை மின்னினால் யாரும் இந்த வசதியை ஆனில் வைத்திருக்க மாட்டார்கள். இ-கலப்பை போல எழுத்துகளை அழித்து அழித்து அனுப்பும் கருவிகளில் இது இன்னும் மோசம். கர்சர் நகர்ந்ததும் பழைய பிளாக்கை ஒருமுறை ரீஹைலைட் செய்தால் போதும்.

எடிட்டரில் ஏற்கெனவே மார்க்டவுன் மாதிரி வண்ணமிடும் ஹைலைட்டர் இருக்கிறதா? ஒரே ஆவணத்தில் இரண்டு ஹைலைட்டர்கள் போட்டால் ஒன்றன் வடிவத்தை மற்றது அழிக்கும். இரண்டையும் ஒரே கிளாஸில் வைத்து, அந்த இடத்தில் இருக்கும் ஃபார்மட்டை எடுத்து அதன்மேல் அலைக்கோட்டைச் சேருங்கள். ஸ்பெல்செக்அண்டர்லைன் என்ற பாணி இயங்குதளத்தின் தோற்றத்தைப் பொறுத்து மாறும். எங்கும் ஒரே மாதிரி வேண்டுமென்றால் வேவ்அண்டர்லைனும் சிவப்பு நிறமும் நேரடியாகக் கொடுங்கள்.

---

ஒற்றுமிகும்

மேலே இருவரும் சொன்னதைச் செய்தாலும் "மரங்களுக்கும்" சிவப்பாகத்தான் இருக்கும். அது கோட் சிக்கல் அல்ல, அஃப் ஃபைல் சிக்கல். தமிழுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

எல்லா வடிவங்களையும் டிக் ஃபைலில் கொட்டிவிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஐ, ஆல், ஓடு, உடன், கு, இல், இன், உடைய, இலிருந்து, இடம் என்று 10 உருபுகள் மட்டும் எடுத்தாலும், உருபில்லாத வடிவத்தோடு ஒருமை, பன்மை சேர்த்து 22 வடிவங்கள். ஒவ்வொன்றும் தனியாகவோ உம், ஏ, ஓ, ஆ, தான் சேர்ந்தோ வரலாம், ஆக 132. 20 ஆயிரம் பெயர்ச்சொற்களுக்கு 26 லட்சத்து 40 ஆயிரம் வரிகள். வினைச்சொல் இதில் சேரவே இல்லை.

ஹன்ஸ்பெல் பின்னொட்டுகளை இரண்டு அடுக்குவரைதான் கழற்றிப் பார்க்கும். அதனால் அடுக்குகளை வீணாக்காமல் பிரிக்க வேண்டும். பன்மை ஓர் அடுக்கு, வேற்றுமை ஓர் அடுக்கு என்று வைத்தால் "உம்"முக்கு இடமிருக்காது. பன்மையையும் வேற்றுமையையும் சேர்த்தே முதல் அடுக்கில் எழுதுங்கள், இடைச்சொற்களை இரண்டாம் அடுக்குக்கு விடுங்கள். "மரம்" வகைக்கு முதல் அடுக்கில் "ம்" நீக்கி "த்தை", "த்தில்", "த்துக்கு", "ங்கள்", "ங்களை", "ங்களுக்கு" என்று போகும். ஒவ்வொரு வரியும் இரண்டாம் அடுக்கின் ஃப்ளாகை, அதாவது எந்த விதிகள் ஒட்டும் என்று காட்டும் குறியை, சுமக்க வேண்டும்.

இரண்டாம் அடுக்கில் "உம்" ஈற்றைப் பொறுத்துப் பிரியும். உகர ஈறு என்றால் "ம்" மட்டும் சேரும்: மரங்களுக்கு, மரங்களுக்கும். புள்ளியில் முடிந்தால் புள்ளியை நீக்கி உகரக் குறியும் "ம்"மும்: மரத்தில், மரத்திலும். ஐ, இ, ஈ, ஏ ஈறுகளுக்கு "யும்": மரத்தை, மரத்தையும். ஆகாரத்துக்கு "வும்". விதிகள் யூனிகோட் குறியீட்டு அளவில் ஓடுவதால் புள்ளியை மட்டும் தனியே நீக்க முடிகிறது, இது நமக்கு வசதி.

"டு" ஈற்றில் கவனம். வீடு, நாடு, தகடு இரட்டிக்கும் (வீட்டை), வண்டு இரட்டிக்காது (வண்டை). நிபந்தனைப் பகுதியில் "டு"வுக்கு முன்னால் புள்ளி இருக்கக் கூடாது என்று எழுதினால் இரண்டும் பிரிந்துவிடும். ஆனால் கண், மண், கல், சொல் மாதிரித் தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் (கண்ணும்), நாள், கால் இரட்டிக்காது (நாளும்). இதை நிபந்தனையால் பிடிக்க முடியாது. பின்னொட்டு விதியின் நிபந்தனை சொல்லின் கடைசியை மட்டும்தான் பார்க்கும், அதற்கு முன்னால் சொல் தொடங்கியதா என்று கேட்க வழியில்லை. இந்தச் சொற்களுக்குத் தனி ஃப்ளாக் கொடுங்கள், பெரிய பட்டியல் அல்ல.

வினைக்கு ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் அடியை டிக்கில் சேருங்கள்: "படித்த்", "படிக்கிற்", "படிப்ப்". மூன்றும் தனியாக நின்றால் சொல் அல்ல, அதனால் நீட்அஃபிக்ஸ் ஃப்ளாக். முதல் அடுக்கில் புள்ளியை நீக்கி ஏன், ஓம், ஆன், ஆள், ஆர், ஆர்கள், அது ஆகியவற்றின் குறிகள், இரண்டாம் அடுக்கில் மறுபடி இடைச்சொற்கள். எதிர்கால அஃறிணை "படிக்கும்" இந்த அச்சில் வராது, அதைத் தனி வரியாகப் போடுங்கள். விகற்பங்கள் பெருகும்போது ஒற்றை எழுத்து ஃப்ளாகுகள் போதாது. தொடக்கத்திலேயே "ஃப்ளாக் நம்" போட்டு எண்களை வைத்துக்கொண்டால் பின்னால் மாற்ற வேண்டி வராது.

"வீட்டைப்" சிக்கலை மட்டும் அகராதியில் தீர்க்காதீர்கள். வல்லினம் மிகும் இடத்தையெல்லாம் அஃப்பில் எழுதினால் க், ச், த், ப் நான்குக்காக எல்லாமே பெருகும், இரண்டு அடுக்கும் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. இதை ஆப்பில் செய்யுங்கள். சொல்லை முதலில் முழுதாகச் சோதியுங்கள். தவறு என்று வந்து, ஈறு க், ச், த், ப் என்று இருந்தால் அந்தக் கடைசி இரண்டு குறியீடுகளை நீக்கி மறுபடி சோதியுங்கள். தமிழ்ச் சொல் எதுவும் இயல்பாக இந்த ஒற்றுகளில் முடியாது என்பதால் ஆபத்து குறைவு. "டெஸ்க்", "பேட்ச்" போன்ற கடன் சொற்கள் அகராதியில் இருந்தால் முழுச் சோதனையிலேயே கடந்துவிடும்.

நீக்கிய பிறகு சரி என்று வந்தாலும் முடியவில்லை. அடுத்த சொல் அதே மெய்யில் தொடங்க வேண்டும். "வீட்டைப் பார்த்தான்" சரி, "வீட்டைப் கேட்டான்" தவறு. நடுவில் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வந்தாலும் தவறு. வரி முடிவில் நின்றால் அடுத்த பிளாக்கைப் பார்க்க வேண்டாம், சரி என்று விட்டுவிடுங்கள். சாதாரண அகராதியால் பிடிக்க முடியாத ஒரு பிழையை இப்படி இலவசமாகப் பிடித்துவிடலாம். ஆனால் இந்த விடை அடுத்த சொல்லையும் பொறுத்தது, அதனால் மேலே அலைக்கோடு என்பவர் சொன்ன ஹாஷில் சேமிக்காதீர்கள். அடிச்சொல்லின் விடையை மட்டும் ஹாஷில் வைத்து, ஒற்றுச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள், அது வெறும் எழுத்து ஒப்பீடு.

பரிந்துரையிலும் இதே போல: ஒற்றை நீக்கிய சொல்லுக்குப் பரிந்துரை கேட்டு, அடுத்த சொல்லின் முதல் எழுத்துக்கு ஏற்ற ஒற்றைச் சேர்த்து மெனுவில் காட்டுங்கள்.

பரிந்துரையின் தரம் பெரும்பாலும் அஃப் ஃபைலின் மேப் (குழம்பும் எழுத்துகளின் குழு), ரெப் (வழக்கமான பிழைக்கு மாற்று) வரிகளால் வருவது. மேப்பில் ல-ள-ழ, ர-ற, ன-ண-ந மூன்று குழுக்களையும் போடாமல் வெளியிடாதீர்கள். தமிழில் அடிக்கடி வரும் பிழைகள் இவை. "மௌனம்" என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "மெளனம்" என்று தட்டுவது இன்னொரு வழக்கம். இதைச் சோதனைக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் "வெளி", "தெளிவு" எல்லாம் உடைந்துவிடும். சொல் தவறு என்று வந்த பிறகு மட்டும் மாற்றிப் பார்த்து, சரியானால் பரிந்துரையில் முதலில் வையுங்கள். இரண்டும் திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரியும் என்பதால் பக்கத்தில் "ஔகாரக் குறி" என்று ஒரு சின்னக் குறிப்பும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பிழைதிருத்திக்குப் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

---

லினக்ஸ்காரன்

ஹன்ஸ்பெல்லை நேரடியாகக் கட்ட வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். கேடிஇயின் சானட் லைப்ரரியில் ஸ்பெல்செக்டெக்கரேட்டர் இருக்கிறது. எடிட்டரைக் கொடுத்தால் கோடு, மெனு எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் 8 முதல் இயங்குதளத்திலேயே பிழைதிருத்தி உண்டு, ஐஸ்பெல்செக்கர் என்ற காம் இன்டர்ஃபேஸ். அது தரும் தொடக்கமும் நீளமும் யூடிஎஃப்-16 கணக்கு, க்யூஸ்ட்ரிங்கோடு நேராகப் பொருந்தும்.

---

ஒற்றுமிகும்

ஆங்கிலம் மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். தமிழுக்கு இரண்டிலும் சொல் பிரிப்பும் ஒற்றுச் சோதனையும் உங்கள் கையில் இருக்காது. விண்டோஸில் பயனரின் கணினியில் எந்த மொழிகள் நிறுவப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தே கிடைக்கும், இஸ்சப்போர்ட்டட் என்று கேட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். அதில் ஆட் அழைத்தால் சொல் அந்தப் பயனரின் பொது அகராதிக்குப் போய் மற்ற ஆப்களிலும் செல்லும். சிலருக்கு அது வசதி, பதிப்பகம் மாதிரி இடத்தில் தொல்லை.

அகராதி விதிகளே போதாது என்று ஒருநாள் தோன்றினால், ஃபோமா என்ற கருவி கொண்டு கட்டிய தமிழிமார்ஃப் என்ற உருபனியல் பகுப்பி திறமூலமாக இருக்கிறது. அதில் அடுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கட்டிச் சேர்க்க வேண்டியது அதிகம், முதல் பதிப்புக்கு வேண்டாம்.

---

எழுத்துக்கோப்பன்

சொல் பிரிப்பை மாற்றியதும் துண்டுக் கோடுகள் போய்விட்டன, முன்னொட்டு சேர்த்ததும் விண்டோஸில் அகராதி ஏறுகிறது. மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். "அகராதியில் சேர்" என்று மெனுவில் வைத்தேன். ஆப்பை மூடித் திறந்தால் சேர்த்த சொல் மறைந்துவிடுகிறது. ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்தால் "அங்கே போனேன்" என்பதற்கான நான்காம் வேற்றுமை வடிவம் மறுபடி சிவப்பு. இன்னொன்று, ஆப்பின் மூலக் கோடை நான் வெளியிடுவதில்லை. லைசென்ஸ் சிக்கல் வருமா?

---

நுண்நிரலி

ஆட் ஃபங்ஷன் நினைவகத்தில் மட்டும்தான் சேர்க்கும். சொற்களை உங்கள் ஆப்பின் தரவு ஃபோல்டரில் ஒரு உரை ஃபைலில் எழுதி, தொடங்கும்போது ஒவ்வொன்றாக மறுபடி சேருங்கள். எழுத க்யூசேவ்ஃபைல், பாதியில் மின்சாரம் போனாலும் பழைய ஃபைல் பிழைக்கும். நிறுவிய டிக் ஃபைலில் எழுதாதீர்கள், விண்டோஸில் அனுமதி இருக்காது, அடுத்த அப்டேட்டில் அழிந்தும் போகும். சேர்த்தவுடன் ஹாஷில் அந்தச் சொல்லின் பழைய விடையையும் நீக்க வேண்டும்.

ஊர்ப் பெயருக்கு ஆட்வித்அஃபிக்ஸ். புதுச் சொல்லோடு ஒரு மாதிரிச் சொல்லையும் கொடுத்தால் மாதிரியின் ஃப்ளாகுகள் புதியதற்கும் ஒட்டும். "சேலம்" என்பதை "மரம்" மாதிரி என்று சேர்த்தால் "சேலத்துக்கு", "சேலத்திலிருந்து" எல்லாம் தானாக வரும். பயனரிடம் இலக்கணம் கேட்காதீர்கள். ஈற்றைப் பார்த்து நீங்களே நாலைந்து மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்து, "சேலத்தை, சேலத்துக்கு, சேலத்தில் என்று வருமா?" என்று மட்டும் கேளுங்கள். ஃபைலில் மாதிரியையும் சேர்த்துச் சேமியுங்கள், சொல்லுக்குப் பின் சாய்கோடு போட்டு மாதிரி எழுதினால் போதும்.

ஹன்ஸ்பெல் எம்பிஎல், ஜிபிஎல், எல்ஜிபிஎல் மூன்றில் ஏதாவது ஒன்றின்கீழ் எடுத்துக்கொள்ளலாம், மூடிய ஆப்பில் டைனமிக் லிங்க் செய்வதில் தடையில்லை. அகராதிக்கு வேறு லைசென்ஸ் இருக்கும், சிலது ஜிபிஎல். அதைத் தனி ஃபைலாகவே, அதன் லைசென்ஸ் உரையோடு கொடுங்கள், பைனரிக்குள் திணிக்காதீர்கள்.

---

அலைக்கோடு

ஒன்று விட்டுப்போயிற்று. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஃபைலைத் திறப்பவர்கள் உண்டு, இலங்கையில் குறிப்பாக. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எனவே ஸ்கிரிப்ட் சோதனை அதை ஆங்கிலம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் கோடு போடும். ஒரு பத்தியில் லத்தீன் சொற்களில் பெரும்பான்மை தவறு என்று வந்தால் அந்தப் பத்தியில் கோட்டை நிறுத்திவிட்டு, யூனிகோடுக்கு மாற்றச் சொல்லி மேலே ஒரு பட்டையைக் காட்டுங்கள்.